முடிந்துபோன கண்காட்சிகளுக்கு என்ன மதிப்பு? ஹார்ட்ஃபோர்டு அருங்காட்சியகத்தை முன்வைத்து ஒரு பதில்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகருக்கு வேலை நிமித்தம் குடிபெயர்ந்திருக்கும் நீங்கள், அங்குள்ள வாட்ஸ்வொர்த் அதீனியம் கலை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அருங்காட்சியகத்தின் பழைய கண்காட்சிகளைப் பற்றிப் படிக்கும் இடத்திலெல்லாம் ‘அமெரிக்காவிலேயே முதன்முறையாக’ என்று வருகிறதே, அது உண்மையா அல்லது ஒரு சிறு நகரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமையா என்பது முதல் கேள்வி. உண்மையே என்றாலும், எப்போதோ முடிந்து, இரவல் வாங்கிய ஓவியங்களெல்லாம் உரியவர்களிடம் திரும்பிப் போய்விட்ட கண்காட்சிகளால் இன்று அங்கே போகும் ஒருவருக்கு என்ன பயன் என்பது இரண்டாவது. என் பார்வையில் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வியின் சூடு தானாகவே குறைந்துவிடும்.

கலைப்பொருட்களின் வரவு, இரவல், கண்காட்சி ஆகியவற்றுக்கான ஆவணங்களைப் பேணும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் வாட்ஸ்வொர்த் அதீனியத்தில் பணியாற்றியவன் இல்லை. அங்கு நடந்தவற்றைக் கலை வரலாற்றின் வழியாகவும் கண்காட்சிப் பட்டியல்களின் வழியாகவும் அறிந்தவன் என்பதால், எது உறுதி, எது நிபந்தனையோடு மட்டும் உண்மை என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும். அந்நிறுவனத்தின் இன்றைய நிர்வாகத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1842-ல் டேனியல் வாட்ஸ்வொர்த் என்பவரால் நிறுவப்பட்டு 1844-ல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகம், இடைவிடாமல் இயங்கிவரும் பொதுக் கலை அருங்காட்சியகங்களில் அமெரிக்காவிலேயே பழமையானது. இருந்தும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது ஓர் உள்ளூர் நிறுவனமாகவே இருந்தது. 1930-ல் ஹார்ட்ஃபோர்டின் மக்கள்தொகை சுமார் 1.64 லட்சம், காப்பீட்டு நிறுவனங்களால் செழித்த ஊர். அந்த ஊரில் அருங்காட்சியகத்தின் போக்கை மாற்றியவை இரண்டு: ஃபிராங்க் சம்னர் என்ற வங்கியாளர் ஓவியங்கள் வாங்குவதற்கென்றே விட்டுச்சென்ற பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட கொடை, 1927-ல் இயக்குநராக வந்த இருபத்தாறு வயது இளைஞர் எவரெட் ஆஸ்டின். ஊரும் நண்பர்களும் அவரைச் சிக் ஆஸ்டின் என்றே அழைத்தனர். ஹார்வர்டில் படித்தவர், ஓவியம் வரைபவர், குழந்தைகளுக்காக அருங்காட்சியகத்திலேயே மேஜிக் காட்சி நடத்தியவர். பெருநகர அருங்காட்சியகம் ஒன்றில் அறங்காவலர்களும் மூத்த காப்பாட்சியர்களும் கூடி விவாதித்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் முடிவை, அவர் ஒரு பருவத்திற்குள் எடுத்தார். நியூயார்க் ரயிலில் சில மணி நேரத் தொலைவில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கலை வணிகர்களிடமிருந்து ஓவியங்களை இரவல் பெறுவது எளிது. அங்குள்ள போட்டியோ இங்கே இல்லை. 1930-களின் ஹார்ட்ஃபோர்டு விளங்க வேண்டுமென்றால் இந்தச் சூழலை மறந்துவிடக் கூடாது.

ஆஸ்டினின் பெரிய முயற்சிகளில் முன்னதாக வருவது 1930 ஜனவரியில் நடந்த இத்தாலியக் கலைக் கண்காட்சி. 17, 18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியங்களை, அதாவது பரோக் காலத்துப் படைப்புகளை, அது காட்டியது. ஆங்கிலம் பேசும் உலகில் அப்போது பரோக் ஓவியம் என்றால் சீரழிவுக் காலத்துக் கலை என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. மறுமலர்ச்சிக் காலத்தோடு இத்தாலியின் பெருமை முடிந்துவிட்டது என்று நம்பியவர்கள் அதிகம். எனவே இதை அமெரிக்காவின் முதல் பெரிய பரோக் கண்காட்சி என்று சொல்வது நியாயமானதே. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1922-ல் ஃபிளாரன்ஸ் நகரின் பிட்டி அரண்மனையில் இதே இரு நூற்றாண்டுகளுக்கான மாபெரும் கண்காட்சி நடந்து, ஐரோப்பிய அறிஞர்களின் பார்வையை மாற்றத் தொடங்கியிருந்தது. ஹார்ட்ஃபோர்டு அந்த அலையை அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவந்தது. அலையை எழுப்பியது அதுவன்று. ‘முதல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எங்கே, எந்த வகை நிறுவனத்தில் என்ற நிபந்தனையைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதே நிபந்தனையோடு அடுத்ததைப் பார்க்கலாம். 1931 நவம்பரில் ‘நியூவர் சூப்பர்-ரியலிசம்’ என்ற பெயரில் ஆஸ்டின் நடத்திய கண்காட்சியே அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் நடந்த முதல் சர்ரியலிசக் கண்காட்சி. கனவையும் ஆழ்மனத்தையும் வரைந்த கலை இயக்கம் சர்ரியலிசம். பாரிஸில் 1925-லேயே பியர் கலைக்கூடத்தில் சர்ரியலிஸ்டுகள் குழுவாகக் காட்சி வைத்துவிட்டார்கள். நியூயார்க் கலை வணிகரான ஜூலியன் லெவி தம் கூடத்தில் இதே பொருளில் ஒரு காட்சியைத் திட்டமிட்டிருந்தார். ஹார்ட்ஃபோர்டுக்கு ஓவியங்கள் கிடைக்க உதவியவரும் அவரே. அவருடைய காட்சி 1932 ஜனவரியில்தான் திறந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் சர்ரியலிசத்துக்குப் பெரிய அளவில் இடம் கொடுத்தது 1936 டிசம்பரில். ஆக, பெருநகரத்தின் பெரிய நிறுவனத்தை ஐந்து ஆண்டுகள் முந்திக்கொண்டு, காப்பீட்டு அலுவலர்கள் வாழும் ஊரொன்று டாலியையும் மக்ஸ் எர்ன்ஸ்டையும் மீரோவையும் டி கிரிகோவையும் பார்த்தது. இதில் பெருமைப் பேச்சு எதுவும் இல்லை.

அந்தக் கண்காட்சியில் இருந்த ஓவியங்களில் ஒன்று, உருகி வழியும் கடிகாரங்களோடு டாலி தீட்டிய ‘நினைவின் நிலைபேறு’. இன்று உலகமே அறிந்த அந்த ஓவியத்தைச் சுவரொட்டியில் மட்டும் கண்டவர்கள் அது சுவரை நிறைக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அதன் அளவு 24 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர்; ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது. ஹார்ட்ஃபோர்டின் பார்வையாளர்கள் அதை நெருங்கி, குனிந்து, ஒவ்வொருவராகத்தான் பார்த்திருக்க முடியும். அப்போது லெவியிடம் இருந்த அந்த ஓவியம் 1934-ல் நன்கொடையாக நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஹார்ட்ஃபோர்டு வாங்கி வைத்துக்கொண்டது அதே கண்காட்சியில் இருந்த டாலியின் ‘தனிமை’ என்ற சிறு ஓவியத்தை. அருங்காட்சியகம் ஒன்று வாங்கிய டாலியின் முதல் ஓவியம் இதுவே என்று பரவலாக எழுதப்படுகிறது. இதற்கு எதிரான சான்றை நான் கண்டதில்லை. ஆயினும் உலகின் எல்லா அருங்காட்சியகங்களின் வரவுப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு ஒருவர் சொல்ல வேண்டிய கூற்று இது என்பதால், 1931 கண்காட்சியைப் பற்றிச் சொல்லும் அதே உறுதியோடு இதைச் சொல்ல மாட்டேன்.

1934 பிப்ரவரியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அந்த மாதம் அருங்காட்சியகத்தின் புதிய பகுதியான ஏவரி நினைவுக் கட்டடம் திறக்கப்பட்டது. வெளியே எளிமையான சலவைக்கல் முகப்பு; உள்ளே தூண்களும் பூவேலையும் இல்லாத வெள்ளைச் சுவர்கள், மேலிருந்து பகலொளி இறங்கும் மூன்று மாடி உயர முற்றம், தாங்குதூண் இன்றி நீட்டிக்கொண்டிருக்கும் மேல்தள மாடங்கள். ஐரோப்பாவில் அப்போது புதிதாக எழுந்துகொண்டிருந்த நவீனக் கட்டடக்கலை அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றின் உட்புறத்தில் முதலில் இடம்பெற்றது இங்கேதான் என்பது கட்டடக்கலை வரலாற்றாளர்கள் ஏற்கும் செய்தி. முற்றத்தின் நடுவில் ஆஸ்டின் நிறுத்தியது ஒரு நவீனச் சிற்பத்தை அன்று. 1600-ஐ ஒட்டிய காலத்தில் ஃபிரான்கவில்லா செதுக்கிய வீனஸ் சிற்பத்தொகுதி. நீங்கள் இன்றும் அதே இடத்தில் அதைக் காணலாம். பழையதையும் புதியதையும் எதிரெதிராக நிறுத்திப் பார்வையாளரைச் சிந்திக்க வைப்பது அவருடைய வழக்கம், அந்த முற்றமே அதற்குச் சாட்சி.

கட்டடத்தின் திறப்பையொட்டி அங்கு நடந்தது பிக்காசோவின் பின்னோக்குக் கண்காட்சி, அதாவது ஒரு கலைஞரின் பல காலகட்டப் படைப்புகளை ஒருசேரக் காட்டுவது. பிக்காசோவின் படைப்புகள் அமெரிக்காவுக்குப் புதியவை இல்லை. நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸின் சிறு கூடத்தில் 1911-லேயே அவருடைய வரைபடங்கள் காட்டப்பட்டன. ஆனால் அவருடைய வளர்ச்சியை முழுமையாகத் தொடர்ந்து காட்டும் அருங்காட்சியகக் கண்காட்சி என்ற அளவில் ஹார்ட்ஃபோர்டுதான் முதலாவது. நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற நாற்பதாண்டுப் பிக்காசோ கண்காட்சி 1939 நவம்பரில்தான் வந்தது. 1934-ல் பிக்காசோவின் மிகப் புகழ்பெற்ற போர் எதிர்ப்பு ஓவியமான ‘குவர்னிகா’ இன்னும் தீட்டப்படவே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஆஸ்டின் எவ்வளவு முன்னே நின்றார் என்பது விளங்கும்.

அதே வாரத்தில், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முந்நூறுக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட அரங்கில், கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதி வெர்ஜில் தாம்சன் இசையமைத்த ‘ஃபோர் செயின்ட்ஸ் இன் த்ரீ ஆக்ட்ஸ்’ என்ற இசைநாடகம் உலகில் முதன்முதலாக அரங்கேறியது. பாடியவர்கள் அனைவரும் கறுப்பினக் கலைஞர்கள். சேர்ந்திசைக் குழுவை நடத்தியவர் ஈவா ஜெஸ்ஸி. மேடையின் பின்புலத்தை ஃபுளோரின் ஸ்டெட்ஹைமர் என்ற ஓவியர் செலஃபேன் தாளால் அமைத்திருந்தார். நியூயார்க்கின் கலை உலகம் அந்த இரவுக்காக ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தது. வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் தாம் உருவாக்கிய மூன்று சக்கரக் காரில் வந்து இறங்கினார். சில நாட்களில் நாடகம் பிராட்வேக்குப் போய்ச் சில வாரங்கள் ஓடியது. கறுப்பினக் கலைஞர்களுக்கு அவர்களுடைய இனத்தைப் பற்றிய கதை அல்லாத ஒன்றில், அதுவும் ஸ்பானியத் துறவியராக, பாட இடம் கிடைத்தது அன்றைய அமெரிக்காவில் மிக அரிது. என் மனத்தில் பிக்காசோ கண்காட்சிக்குச் சமமான இடம் இதற்கு உண்டு. ஆனால் இது நாடகம் என்பதால், கண்காட்சிகளை மட்டும் வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலிலும் இது வராது. பழைய கண்காட்சிகளின் பட்டியலை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட முடியாது என்று சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பட்டியலுக்கு வெளியே நிற்பவை இன்னும் உண்டு. நடன அமைப்பாளர் பாலன்ஷீனை 1933-ல் அமெரிக்காவுக்கு வரவழைக்கக் கலைப் புரவலர் லிங்கன் கர்ஸ்டீன் திட்டமிட்டபோது, உதவி கேட்டு லண்டனிலிருந்து நீண்ட கடிதம் எழுதியது ஆஸ்டினுக்குத்தான். பாலே பள்ளி ஹார்ட்ஃபோர்டில் தொடங்குவதாகவே இருந்தது; பாலன்ஷீன் வந்து பார்த்த பிறகு அது நியூயார்க்குக்கு இடம் மாறியது. அதே ஆண்டில் நடனக் கலைஞர் செர்ஜ் லிஃபாரிடமிருந்து ரஷ்ய பாலேக் குழுவின் மேடை, உடை வடிவமைப்பு ஓவியங்களின் தொகுப்பை அருங்காட்சியகம் வாங்கியது. லிஃபார் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது காட்சிக்கு வைப்பதற்காக. பணமுடையால் விற்க நேர்ந்தது. ஒரு கண்காட்சியின் வழியாக வந்தவை நிரந்தரச் சேகரிப்பாகத் தங்கிவிட்டன.

ஆஸ்டின் 1940-களின் நடுவில் அறங்காவலர்களோடு ஒத்துப்போகாமல் விலகினார். அதன்பின் இரு பதிற்றாண்டுகள் கழித்துத்தான் அடுத்த பெரிய கண்காட்சி வருகிறது. சாமுவேல் வாக்ஸ்டாஃப் என்ற காப்பாட்சியர் 1964 ஜனவரியில் ‘கறுப்பு, வெள்ளை, சாம்பல்’ என்ற கண்காட்சியை வைத்தார். இதை, எளிய வடிவங்களோடு மட்டும் நிற்கும் கலைப்போக்கான மினிமலிசத்தின் முதல் அருங்காட்சியகக் கண்காட்சி என்று பல நூல்கள் சொல்கின்றன. இங்கே நான் கொஞ்சம் தயங்குவேன். டோனி ஸ்மித், ராபர்ட் மாரிஸ், டான் ஃபிளாவின், ஆன் ட்ரூயிட், ஆக்னஸ் மார்ட்டின் ஆகியோரின் படைப்புகள் ஒன்றாக நின்றது உண்மை. ஐம்பது வயதைக் கடந்திருந்த டோனி ஸ்மித்தின் சிற்பம் பொதுமக்கள் பார்வைக்கு முதலில் வந்ததும் இங்கேதான். ஆனால் அவற்றோடு, அந்தப் போக்கைச் சேராத வார்ஹோலும் லிக்டென்ஸ்டைனும் ஜாஸ்பர் ஜான்ஸும் ராஷன்பர்க்கும் இருந்தார்கள். வாக்ஸ்டாஃப் கோத்த சரடு நிறம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறெதுவும் இல்லாத, உணர்ச்சி கொந்தளிக்காத கலை என்பதே அவர் தேடியது. அந்தப் போக்குக்குப் பெயர் தந்ததாகக் கருதப்படும், தத்துவவாதி ரிச்சர்ட் வால்ஹைமின் ‘மினிமல் ஆர்ட்’ என்ற கட்டுரை வெளிவந்ததே 1965-ல்தான். எனவே பின்னாளில் பெயர் பெற்ற ஓர் இயக்கத்தின் முக்கியமானவர்கள் ஒரே கூரையின்கீழ் முதலில் கூடிய கண்காட்சி என்று சொன்னால் அது சரி. அந்த இயக்கத்தை அறிவித்த கண்காட்சி என்றால், 1966-ல் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்தில் நடந்த ‘பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்’ கண்காட்சிக்கே அந்தப் பெயர் பொருந்தும்.

1989 இறுதியில் அங்கு வந்த ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் புகைப்படக் கண்காட்சியைச் சிலர் ஹார்ட்ஃபோர்டின் சாதனையாக எழுதுவதுண்டு. அதைத் தயாரித்தது ஃபிலடெல்ஃபியாவிலுள்ள நிறுவனம். ஹார்ட்ஃபோர்டு அதன் பயணத்தில் ஒரு நிறுத்தம். என்றாலும் அதே ஆண்டு ஜூனில் வாஷிங்டனின் கோர்கரன் கலைக்கூடம் அரசியல் நெருக்கடிக்கு அஞ்சி அதைக் கைவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு சின்சினாட்டியில் அதைக் காட்டிய அருங்காட்சியகத்தின் மீதும் அதன் இயக்குநர் மீதும் ஆபாசக் குற்றச்சாட்டில் வழக்கு நடந்து, நிறுவனமும் இயக்குநரும் விடுதலை பெற்றனர். இவ்விரண்டுக்கும் நடுவில் ஹார்ட்ஃபோர்டு அதை ஏற்றுக் காட்டியது என்பது மதிப்புக்குரிய துணிவு. மேப்பிள்தார்ப்பின் வாழ்க்கைத் துணையாகவும் புரவலராகவும் இருந்தவர், 1960-களில் அங்கே காப்பாட்சியராக இருந்த அதே வாக்ஸ்டாஃப் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு ஒன்றை நேர்மையாகச் சேர்க்க வேண்டும். நான் குறிப்பிட்டவை, 180 ஆண்டுகளைத் தாண்டிய ஒரு நிறுவனத்தின் வாழ்வில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எஞ்சியவற்றில் பெரும்பகுதி வேறெங்கோ தயாராகி ஊர் ஊராகச் சுற்றிவந்த கண்காட்சிகள், மாநிலக் கலைஞர் சங்கத்தின் ஆண்டுக் காட்சிகள், உள்ளூர்க் குடும்பங்கள் இரவல் கொடுத்த மரச்சாமான்கள், வெள்ளிப் பாத்திரங்கள். கலை வரலாற்று நூல்களில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் ஹார்ட்ஃபோர்டில் பிறந்த சோல் லெவிட் சிறுவயதில் ஓவியம் கற்றது இதே அருங்காட்சியகத்தின் வகுப்புகளில். 1975-ல் ‘மேட்ரிக்ஸ்’ என்ற பெயரில் அருங்காட்சியகம் தற்காலக் கலைஞர்களுக்கென ஒரு சிறிய கண்காட்சி வரிசையைத் தொடங்கியது. புகழ் பரவுவதற்கு முன்பே பலருக்கு இடம் கொடுத்து அது இன்றுவரை தொடர்கிறது; லெவிட்டும் அதில் இடம்பெற்றவர். ஓர் ஊருக்கு அருங்காட்சியகம் செய்யும் வேலையில் எவ்வளவோ பங்கு, ‘முதல்’ என்ற சொல் ஒட்டாத இத்தகைய காட்சிகளுடையது.

பழைய கண்காட்சியைப் பற்றிய சான்றுகளும் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அச்சிட்ட பட்டியல் எதைக் காட்டத் திட்டமிட்டார்கள் என்பதைச் சொல்கிறது. கடைசி நேரத்தில் வந்து சேராத ஓவியம் அதில் இருக்கும், அவசரமாகச் சேர்த்தது இருக்காது. இரவல் ரசீதுகள் எது உண்மையில் கட்டடத்துக்குள் வந்தது என்று காட்டும். கூடத்தில் எடுத்த புகைப்படங்கள் மட்டுமே எது எதற்குப் பக்கத்தில் தொங்கியது என்பதைத் தெரிவிக்கும், அவையும் பெரும்பாலும் திறப்புக்கு முன் ஆளில்லாத கூடத்தில் எடுத்தவை. ஓவியச் சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் பழுப்பேறிய சீட்டுகள், அது எந்தெந்த ஊர்க் கண்காட்சிகளுக்குப் போய்வந்தது என்பதற்கு மிகவும் நம்பகமான சாட்சி. பழைய சட்டத்தை மாற்றும்போது அவற்றைக் கழற்றி எறிந்துவிடாமல் உறையிலிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் துறையில் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லித்தருவோம். வந்தவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. அன்றைய நாளிதழ் விமர்சனம் ஒருவருடைய கருத்து. அதை ஊரின் கருத்தாக எடுத்துக்கொள்பவர்களை நம்பாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு. அடுத்த முறை போகும்போது ஓவியத்துக்குப் பக்கத்திலுள்ள சிறு பெயர்ப்பலகையின் கடைசி வரியைப் படியுங்கள். அங்கே ஒரு வரவு எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் பெரும்பாலும் அந்தப் பொருள் சேகரிப்பில் சேர்ந்த ஆண்டு. அதையொட்டி, எந்த நிதியில் வாங்கியது அல்லது யார் தந்தது என்ற வரி இருக்கும். எல்லா கேலப் சம்னர், மேரி கேட்லின் சம்னர் என்ற இரு பெண்களின் பெயரில் அமைந்த நிதி உங்கள் கண்ணில் அடிக்கடி படும். அது ஃபிராங்க் சம்னர் விட்டுச்சென்ற கொடை. டாலியின் ‘தனிமை’ 1931-ல் வந்தது. மீரோவின் 1933-ஆம் ஆண்டு ஓவியம் அடுத்த ஆண்டே வந்தது. கடற்கரையில் முகமும் பழக்கிண்ணமும் ஒன்றாகத் தோன்றும் டாலியின் பெரிய ஓவியம் தீட்டிய மறு ஆண்டான 1939-ல் வந்தது. எர்ன்ஸ்டின் ‘மழைக்குப் பின் ஐரோப்பா’ போர் நடந்துகொண்டிருந்த 1942-ல், வண்ணம் காய்ந்த சூட்டோடு வந்தது. இவை 1931 கண்காட்சி தொடங்கிவைத்த போக்கின் பலன்கள். பரோக் கூடத்தில் காரவாஜ்ஜோவின் ‘பரவச நிலையில் புனித பிரான்சிஸ்’ முன் நின்றால் அதன் எண் 1943 என்று தொடங்குவதைக் காண்பீர்கள். அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று வாங்கிய முதல் காரவாஜ்ஜோ அது. 1930 ஜனவரியில் காட்சிக்கு வைத்த ஒரு ரசனை, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அந்த ஓவியமாக வந்து சேர்ந்தது. இரவல் ஓவியங்கள் திரும்பிப் போய்விட்டன என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கண்காட்சியை நடத்தியவர்கள் அதைத் தொடர்ந்து எதை வாங்கினார்கள் என்று இந்த எண்களைக் கொண்டு பாருங்கள். எந்தப் பழைய கண்காட்சி பொருட்படுத்தத் தக்கது, எது வந்துபோன காட்சி மட்டும் என்பதை நீங்களே பிரித்துவிட முடியும். வரவு எண்ணின் ஆண்டும் வாங்கிய ஆண்டும் சில பொருட்களுக்கு வேறுபடலாம், குறிப்பாக நன்கொடைகளில். ஐயமிருந்தால் பதிவாளர் அலுவலகத்துக்கோ அருங்காட்சியகத்தின் நூலகத்துக்கோ எண்ணைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.